அரசுச் செலவில் உண்டு, உறைந்து, படித்து

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டால் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் போகும் பேருந்துகளில் தகரப் பெட்டியும் பாயுமாகப் பிள்ளைகள் நிறைந்துவிடுவார்கள். நகையை அடகு வைத்து, சீட்டை முன்கூட்டியே எடுத்து, பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு ஆண்டுக்கு லட்சக்கணக்கில் கட்டத் தயாராகப் பெற்றோர் கூடவே போவார்கள். தனியார் விடுதிப் பள்ளிதான் பிள்ளையைக் கரையேற்றும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு மேலாக வேரூன்றியிருக்கிறது. அரசே பிள்ளைகளைத் தங்கவைத்துச் சோறு போட்டுப் படிக்கவைக்கும் பள்ளிகள் பல வகையாக இருப்பது இவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதைப் போக்கிடம் இல்லாதவர்களுக்கான இடமாகவே நினைக்கிறார்கள்.

அந்த நினைப்பில் பாதி தவறு, பாதி உண்மை. அரசின் உறைவிடப் பள்ளிகளில் சில, எந்தத் தனியார் பள்ளியோடும் நிறுத்திப் பார்க்கத் தக்கவை. சிலவற்றில் பிள்ளைகள் பகலில் பாடம் கேட்கும் அறையிலேயே இரவில் பாய் விரிக்கிறார்கள். இரண்டையும் நடத்துவது அரசுதான். நுழைவுத் தேர்வில் தேறி வரும் பிள்ளைக்கு அரசு தாராளமாகச் செலவழிக்கிறது. வீட்டில் படிக்க வழியே இல்லாமல் விடுதிக்கு வரும் பிள்ளைக்கு எண்ணி எண்ணிக் கொடுக்கிறது. கட்டணம் இல்லாத கல்வி என்று இவை எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைப்பதால் இந்த வேறுபாடு கண்ணில் படாமலே போகிறது.

விடுதி என்ற ஏற்பாடு இந்தியாவில் ஏன் தொடங்கியது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கோலாப்பூரில் சாகு மகராஜ் 1901 முதல் சாதிவாரியாக மாணவர் விடுதிகளைத் திறக்க உதவினார். பள்ளிக்கூடத்தை மட்டும் திறந்தால் போதாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கிராமத்திலிருந்து வரும் ஒடுக்கப்பட்ட வீட்டுப் பையனுக்கு நகரத்தில் வாடகைக்கு அறை கிடைக்காது, சாப்பாட்டுக் கடையில் இலை விழாது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் பெயரில் தொடங்கிய கல்விப் பணியும் இதே தேவையிலிருந்து பிறந்ததுதான். இதற்கு நேர் எதிரான வேரும் ஒன்று உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்தவர்கள் மீது பெருங்காமநல்லூரில் 1920-ல் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் ஆங்கில அரசு கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் விடுதிகளையும் அமைத்தது. ஒரு சமூகத்தைத் திருத்துகிறோம் என்ற எண்ணத்தோடு கட்டப்பட்டவை அவை. அந்தச் சமூகத்தின் பிள்ளைகள் அவற்றைத் தங்கள் முன்னேற்றத்துக்கான படியாக மாற்றிக்கொண்டார்கள் என்பது வேறு. பிள்ளையைக் காப்பதற்கு ஒன்று, பிள்ளையை அதன் வீட்டிலிருந்து பிரித்து வேறாக்குவதற்கு ஒன்று என்று உறைவிடக் கல்விக்கு இந்த இரண்டு முகமும் அன்றிலிருந்தே இருக்கின்றன.

இன்று அதிகம் பேசப்படுவது ஜவஹர் நவோதயா வித்யாலயா. அதன் கதை அன்றைய ஆந்திரத்தில், இன்றைய தெலங்கானாவில் தொடங்குகிறது. நல்கொண்டா மாவட்டத்துச் சர்வேல் என்ற சிற்றூரில் 1971-ல் பி.வி. நரசிம்ம ராவின் முயற்சியால் ஓர் அரசு உறைவிடப் பள்ளி தொடங்கப்பட்டது. கிராமத்துப் பிள்ளைகளில் கூர்மையானவர்களைத் தேர்ந்தெடுத்து, தங்கவைத்து, நல்ல ஆசிரியர்களிடம் ஒப்படைப்பது என்பதே அதன் திட்டம். அதே நரசிம்ம ராவ் 1985-ல் ராஜீவ் காந்தி அமைச்சரவையில் மனிதவள மேம்பாட்டுத் துறைக்குப் பொறுப்பேற்றார். ஹரியானாவின் ஜஜ்ஜரிலும் மகாராஷ்டிரத்தின் அமராவதியிலும் முதல் இரண்டு நவோதயா பள்ளிகள் தொடங்கின. 1986 தேசியக் கல்விக் கொள்கை அதை நாடு முழுவதற்குமான திட்டமாக்கியது. மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் இன்று 650-ஐத் தாண்டிய பள்ளிகள் இருக்கின்றன.

தேர்வெழுதி ஆறாம் வகுப்பில் சேர வேண்டும். பள்ளிக்கு அதிகபட்சம் 80 இடம். நான்கில் மூன்று பங்கு கிராமப்புறப் பிள்ளைகளுக்கு, மூன்றில் ஒரு பங்காவது பெண் பிள்ளைகளுக்கு. தங்குமிடம், உணவு, சீருடை, புத்தகம் எதற்கும் காசில்லை. ஒன்பதாம் வகுப்பு முதல் ஒரு பகுதி மாணவர்களிடம் மட்டும் மாதம் 600 ரூபாய் வளர்ச்சி நிதி வாங்குகிறார்கள். பெண் பிள்ளைகள், பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகள், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்கள் அதையும் கட்ட வேண்டியதில்லை. அரசு ஊழியர் பிள்ளைகளுக்குத் தொகை கூடுதல். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் இப்பள்ளிகளின் தேர்ச்சி 99 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. ஆனால் இந்த எண்ணைக் கேட்டு வியப்பவர்கள், நாடு முழுவதும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதி ஐம்பதாயிரம் பேர் அளவில்தான் உள்ளே வருகிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பத்து, பதினொரு வயதுப் பிள்ளையை இந்தத் தேர்வுக்குத் தயார்செய்ய வட மாநிலங்களில் தனிப் பயிற்சி மையங்கள் முளைத்திருக்கின்றன. இலவசப் பள்ளியின் வாசலுக்குப் போகவே காசு தேவைப்படும் நிலை இது.

நவோதயா பள்ளியே இல்லாத மாநிலம் தமிழ்நாடு மட்டும்தான். நாடெங்கும் ஒவ்வொரு நவோதயாவிலும் பிள்ளைகளைப் பிரித்து வைக்கும் குழுக்களில் ஒன்றுக்கு நீலகிரி என்று பெயர் உண்டு. நீலகிரி இருக்கும் மாநிலத்தில் பள்ளி இல்லை. காரணம் மொழி. நவோதயாவில் மும்மொழி கட்டாயம். தொடக்கத்தில் தாய்மொழியில் கற்பித்தாலும் எட்டாம் வகுப்பையொட்டி கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கும், சமூக அறிவியல் இந்திக்கும் மாற வேண்டும் என்பதே திட்டத்தின் மூல வடிவம். ஒன்பதாம் வகுப்பில் 30 சதவீதப் பிள்ளைகள் ஓர் ஆண்டு வேறு மொழிப் பகுதியில் உள்ள பள்ளிக்குப் போக வேண்டும். 1968 முதல் இருமொழிக் கொள்கையில் நிற்கும் மாநிலம் இதை ஏற்க மறுத்ததில் வியப்பில்லை. அந்த மறுப்பை வெறும் அரசியல் பிடிவாதம் என்று தள்ளுகிறவர்கள் திட்டத்தைப் படித்துப் பார்க்கவில்லை என்பேன். தமிழ்ப் பிள்ளைகள் நவோதயாவில் படிக்காமல் இல்லை. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பள்ளிகள் நடக்கின்றன. 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழ்நாட்டிலும் அனுமதிக்கச் சொன்னது. மாநில அரசு மேல்முறையீட்டுக்குப் போக, அவ்வாண்டே உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது.

இந்த வழக்கில் எத்தனை பிள்ளைகளின் படிப்பு அடங்கியிருக்கிறது என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. 38 மாவட்டத்துக்கும் பள்ளி வந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 இடம். ஆறு முதல் பன்னிரண்டு வரை ஏழு வகுப்பும் நிறைந்தால் இருபதாயிரத்துச் சொச்சம் பிள்ளைகள். சிறிய எண் இல்லைதான். ஆனால் 2025 ஜூலையில் தமிழக அரசு தன் நலத்துறை விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றியபோது சொன்ன கணக்கு வேறு: 2,739 விடுதிகள், 1,79,568 மாணவர்கள். வராத பள்ளியின் இருபதாயிரம் இடத்தைப் பற்றி நாற்பது ஆண்டாக மேடையிலும் நீதிமன்றத்திலும் வாதிடுகிறோம். ஏற்கெனவே இருக்கும் விடுதிகளில், கல்லூரிப் பிள்ளைகளையும் சேர்த்து, அதைப்போல் எட்டு மடங்குக்கும் மேலானவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்பவர்கள் சொற்பம்.

என்ன சாப்பிடுகிறார்கள்? பள்ளி மாணவர் விடுதிகளில் உணவுக்கு மாதம் 1,000 ரூபாயாக இருந்தது 2023-ல் 1,400 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கல்லூரி விடுதிகளுக்கு 1,500. மாதம் 1,400 என்றால் நாளைக்கு 46 ரூபாய் சொச்சம். வளரும் பிள்ளைக்கு மூன்று வேளைக்கும் முட்டைக்கும் கறிக்கும் சுண்டலுக்கும் அதற்குள் முடித்தாக வேண்டும். மொத்தமாக வாங்கிச் சமைப்பதால் தாக்குப்பிடிக்கலாம் என்பார்கள். ஒரு நல்ல காப்பாளர் தாக்குப்பிடித்தும் காட்டுவார். ஆனால் அரசின் ஏற்பாடு ஒரு நல்ல மனிதரின் சாமர்த்தியத்தை நம்பி நிற்கக் கூடாது. மத்திய அரசின் ஏகலவ்யா மாதிரி உறைவிடப் பள்ளிகளில் ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 1,09,000 ரூபாய் நடைமுறைச் செலவாக ஒதுக்கப்படுகிறது. அதில் கற்பித்தல் செலவும் அடங்கும் என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிடுவது முறையாகாது. அப்படியும், ஒரு பிள்ளையைத் தங்கவைத்துப் படிக்கவைக்க உண்மையில் எவ்வளவு ஆகும் என்று அரசுக்கே தெரிந்திருக்கிறது என்பதற்கு அந்தத் தொகை சான்று.

பணம் ஒருபுறம் இருக்க, ஆள் இல்லாமை இன்னும் மோசம். ஒரே காப்பாளர் இரண்டு மூன்று விடுதிகளுக்குப் பொறுப்பாக இருப்பதும், இரவில் சமையலரோ காவலரோ மட்டும் இருப்பதும், சுற்றுச்சுவரும் போதிய கழிப்பறையும் இல்லாததும் தணிக்கை அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருபவை. தமிழ்நாட்டின் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள், மலையில் எல்லோரும் சொல்லும் ஜிடிஆர் பள்ளிகள், முந்நூற்றுக்கு மேல் இருக்கின்றன. கல்வராயன், சவ்வாது, கொல்லிமலை, பச்சைமலை, நீலகிரி என்று பேருந்து எட்டாத ஊர்களில் பல பத்தாண்டுகளாகப் படிப்பு என்ற ஒன்றைக் கொண்டு சேர்த்தவை அவைதான். அந்தப் பெருமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் தனியாக உறைவிடக் கட்டடம் இல்லாமல் வகுப்பறையிலேயே பிள்ளைகள் படுத்தெழும் நிலை இன்றும் பல இடங்களில் உண்டு. மலைக்கு மாற்றலாகி வரும் ஆசிரியர் அடுத்த கலந்தாய்வில் இறங்கிவிடப் பார்க்கிறார். வெள்ளிமலையில் ஏகலவ்யா பள்ளியும் உண்டு, ஜிடிஆர் பள்ளிகளும் சுற்றிலும் உண்டு. ஒரே மலையின் பிள்ளைகள் ஒரு தேர்வின் முடிவைப் பொறுத்து இருவேறு உலகத்துக்குள் போகிறார்கள்.

ஏகலவ்யா பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1997-98-ல் தொடங்கிய திட்டம் இது. பழங்குடிகள் பாதிக்கு மேல், குறைந்தது 20,000 பேர் வாழும் ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரு பள்ளி என்று 2018 வரவுசெலவுத் திட்டம் விரித்தது. ஆணும் பெண்ணும் சரிபாதியாக 480 பேர், ஆறு முதல் பன்னிரண்டு வரை. எண்ணம் உயர்ந்தது, பணமும் உண்டு. சிக்கல் ஆசிரியரைத் தேர்ந்தெடுத்த முறையில் வந்தது. 2023-ல் 38,800 ஆசிரியர், ஊழியர் பணியிடங்களை மத்திய அரசே நாடு முழுவதற்குமாக நிரப்ப முடிவெடுத்து, தேர்வில் இந்தித் திறனையும் சேர்த்தது. வட மாநிலத்திலிருந்து தேர்வானவர்கள் தென் மாநில மலைகளுக்குப் போய், பிள்ளைகளின் மொழியும் தெரியாமல், தங்கள் மொழி அவர்களுக்கும் புரியாமல், மாற்றல் கேட்டு விண்ணப்பித்தார்கள். இருளர் வீட்டுப் பிள்ளைக்கு வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் தமிழே இரண்டாவது. அதன்மேல் இன்னொன்று வந்தால் அந்தப் பிள்ளை வாயைத் திறக்கவே பல மாதம் ஆகும். கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளை உறைவிடப் பள்ளிகளில் அடைத்து அவர்கள் மொழியைப் பறித்ததற்காக அந்நாட்டுப் பிரதமர் 2008-ல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். இங்கே நடப்பது அதற்கு இணை என்று சொல்லமாட்டேன். ஆனால் பழங்குடிப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்க்கும் எந்த அரசும் அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டுதான் பள்ளியைத் திறக்க வேண்டும்.

அரசுப் பெயர் இருந்தாலே மலிவு என்றும் எண்ணிவிடக் கூடாது. உடுமலைப்பேட்டைக்கு அருகே அமராவதி நகரில் 1962 முதல் இயங்கும் சைனிக் பள்ளி பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது. அங்கே ஆண்டுக் கட்டணமே லட்சத்தைத் தாண்டுகிறது. வருமானத்துக்கேற்ற உதவித்தொகை கிடைத்தால்தான் எளிய குடும்பம் தாங்கும். ஊட்டி லவ்டேலில் உள்ள லாரன்ஸ் பள்ளி 1858-ல் படைவீரர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. இன்று அது செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளி. இங்கிலாந்தில் அரசு உறைவிடப் பள்ளிகளில் படிப்புக்குக் கட்டணம் இல்லை, தங்கவும் உண்ணவும் பெற்றோரே கட்ட வேண்டும். தனியாரைவிடக் குறைவு என்பதால் அங்கே நடுத்தரக் குடும்பங்கள் அதை நாடுகின்றன. நம் நாட்டில் ஏழைக்கு அந்தக் கணக்கு உதவாது. நம்மிடம் கட்டணமே இல்லாத பள்ளி இருக்கிறது என்பது உண்மையிலேயே பெரிய செய்தி.

பெண் பிள்ளைகளுக்கு அது இன்னும் பெரியது. கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா திட்டம் 2004-ல் தொடங்கியது. கல்வியில் பின்தங்கிய ஒன்றியங்களில் இடைநின்ற, பள்ளியே போகாத பெண் பிள்ளைகளைத் தங்கவைத்து எட்டாம் வகுப்புவரை படிக்கவைத்தது. பின்னர் பன்னிரண்டுவரை நீட்டிக்க வழி செய்யப்பட்டது. இதில் நுழைவுத் தேர்வு கிடையாது. படிப்பை விட்டதே தகுதி. வயதுக்கு வந்த பெண்ணை வீட்டில் நிறுத்திவிடும் ஊர்களில் விடுதிச் சுவர் திருமணத்தை நாலைந்து ஆண்டு தள்ளிப்போடுகிறது. என்னைக் கேட்டால் இந்தியாவில் உறைவிடக் கல்விக்கு இதைவிட வலுவான நியாயம் வேறில்லை. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டவும் பருவத்துக்குப் பருவம் இடம்பெயரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

தேர்வில் முந்தியவர்களுக்கு மட்டுமே நல்ல விடுதி என்ற விதியை மாற்றிக் காட்ட முடியுமா? தெலங்கானா ஓரளவு காட்டியிருக்கிறது. சர்வேலில் தொடங்கிய மரபு அங்கே பட்டியலின, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைப் பிள்ளைகளுக்கெனத் தனித்தனிக் குருகுலச் சங்கங்களாக வளர்ந்து ஆயிரம் பள்ளிகளை எட்டியது. அங்கேயும் நுழைவுத் தேர்வு உண்டு, ஆனால் இடங்கள் பெருகியதால் சல்லடையின் கண் பெரிதானது. ஐபிஎஸ் அதிகாரி ஆர்.எஸ். பிரவீண்குமார் 2012 முதல் 2021 வரை சமூகநலப் பள்ளிகளின் செயலராக இருந்த காலத்தில் இப்பிள்ளைகளின் மனநிலையே மாறியது என்று சொல்வார்கள். 2014 மே மாதம் அப்பள்ளி மாணவி மாலாவத் பூர்ணா 13 வயதில் எவரெஸ்ட் ஏறினார். மலையேற்றம் கல்வியாகுமா என்று கேட்கலாம். விவசாயக் கூலி வீட்டுப் பெண்ணுக்கு அரசு விடுதியில் இப்படியொரு பயிற்சி கிடைத்ததே என்பதுதான் அங்குள்ள பெற்றோர் அதில் பார்த்தது. அதே தெலங்கானாவில் 2024-ல் குருகுலங்களிலும் ஆசிரம விடுதிகளிலும் அடுத்தடுத்து உணவு நஞ்சாகிப் பிள்ளைகள் மருத்துவமனைக்குப் போனார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. பெருக்குவது எளிது, பெருக்கிய பிறகு தினமும் அடுப்படியைப் பார்ப்பது கடினம்.

ஈழத் தமிழருக்கு இதில் வேறோர் அனுபவம் உண்டு. இலங்கையில் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா 1940-களில் கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகளை அமைத்து, ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பெற்ற பிள்ளைகளை விடுதியில் தங்கவைத்தார். மட்டக்களப்பின் வந்தாறுமூலை மத்திய கல்லூரி அவ்வழியில் வந்தது. கிழக்கின் படித்த தலைமுறை ஒன்றே அங்கிருந்து எழுந்தது, பேராசிரியர் சி. மௌனகுரு அங்கே படித்தவர். கிழக்குப் பல்கலைக்கழகம் பின்னாளில் அந்த ஊரிலேயே அமைந்தது. அந்தப் பிள்ளைகள் தங்கள் மொழியில், தங்கள் வட்டாரத்திலேயே தங்கிப் படித்தார்கள் என்பதை அதன் வெற்றிக்கான காரணங்களில் முதலாவதாக வைப்பேன்.

தமிழக அரசு தன் வழியில் 2021-க்குப் பிறகு மாதிரிப் பள்ளிகளைக் கொண்டுவந்தது. இப்போது 38 மாவட்டங்களிலும் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, தங்கவைத்து, ஐஐடி, மருத்துவம், சட்டம் என்று நாட்டின் முன்னணி நிறுவனங்களுக்குத் தயார்செய்கிறார்கள். 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வந்த 7.5 சதவீத மருத்துவ ஒதுக்கீட்டோடு இது சேரும்போது, நாமக்கல்லுக்குப் போக வழியில்லாத பிள்ளைக்கு உண்மையான கதவு திறக்கிறது. பதினான்கு வயதில் சேர்ப்பதும் நல்லது. ஆனால் இதுவும் சல்லடைதான். பக்கத்துப் பள்ளியின் முதல் மாணவரை எடுத்துக்கொண்டு போய்விட்டால் அந்தப் பள்ளிக்கும் அங்கே மிஞ்சியவர்களுக்கும் என்ன மிஞ்சும் என்ற ஆசிரியர்களின் கவலையில் நியாயம் இருக்கிறது.

வயதைப் பற்றிச் சொன்னேன். பதினொரு வயதில் பிரிவது எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துவராது. நவோதயா பள்ளிகளில் 2013 முதல் 2017 வரை 49 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக 2018-ல் இந்தியன் எக்ஸ்பிரஸ் வெளியிட்ட செய்தியைப் பார்த்து தேசிய மனித உரிமை ஆணையம் விளக்கம் கேட்டது. இறந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தலித், பழங்குடிப் பிள்ளைகள். நாட்டிலேயே நன்றாக நடக்கும் அரசு உறைவிடப் பள்ளிகளின் நிலை இது. பகலில் பாடம் நடத்தும் ஆசிரியரே இரவில் விடுதிப் பொறுப்பும் பார்க்கிறார். விடைத்தாளும் திருத்தி, அழும் பிள்ளையையும் தேற்று என்றால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். விடுதிப் பொறுப்புக்குத் தனி ஆளும், உளநல ஆலோசகரும் அமர்த்துவது ஆடம்பரம் இல்லை. கட்டில், தட்டு வாங்குவதுபோல அதுவும் அடிப்படைச் செலவு.

ஆக, பிள்ளையை அனுப்பலாமா? வீட்டருகே ஓரளவு நல்ல அரசுப் பள்ளி இருந்து, வீட்டில் சண்டை சச்சரவு இல்லாமல் ஒரு விளக்கும் ஓர் ஆளும் இருந்தால், எட்டாம் வகுப்புவரை பிள்ளை வீட்டிலிருந்து படிப்பதே மேல். ஒன்பதிலிருந்து மாதிரிப் பள்ளியை முயலலாம். பள்ளி எட்டாத தொலைவில் இருந்தாலோ, பெற்றோர் பிழைப்புக்காக ஊர் ஊராகப் போனாலோ, பெண்ணின் படிப்பு நின்றுவிடும் என்ற அச்சம் இருந்தாலோ விடுதிக்குத் தயங்க வேண்டியதில்லை. பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் சேரப் பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வீட்டுக்கும் பள்ளிக்கும் குறைந்தது 8 கிலோமீட்டர் இருக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு இந்தத் தூர விதி இல்லை. செலவே இல்லை என்று எண்ணிப் போக வேண்டாம். விடுமுறைக்கு அழைத்துவரப் பேருந்துக் கட்டணம், அதற்காகப் போகும் ஒரு நாள் கூலி, சோப்பு, எண்ணெய், நோட்டு என்று கையைக் கடிக்கும்.

சேர்ப்பதற்கு முன் தேர்ச்சி விகிதம் எழுதிய பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் கழிப்பறைக்குள் போய்ப் பாருங்கள், எத்தனை பேருக்கு எத்தனை என்று எண்ணுங்கள். சமையலறையில் அன்றைய குழம்பை ஒரு வாய் கேட்டுச் சாப்பிடுங்கள். அங்கே படிக்கும் பிள்ளையிடம், காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வாய், வீட்டுக்கு எப்படிப் பேசுவாய் என்று தனியாகக் கேளுங்கள். காப்பாளர் அங்கேயே தங்குகிறாரா என்பதைப் பகலில் கேட்டால் தங்குகிறார் என்றுதான் சொல்வார்கள். முடிந்தால் இரவு எட்டரை மணிக்கு மேல் போய் வாசலில் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள்.